மதகில் கொட்டும் தண்ணீர்: வாட்டர்கலரும் குவாஷும் சேர்த்து வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரி டெல்டாவில் மலை கிடையாது, அதனால் அருவியும் கிடையாது. ஆனால் கல்லணையில் தொடங்கிக் கடைமடை வரை தண்ணீர் விழுகிற இடங்களுக்குக் குறைவே இல்லை. ஆறு பிரியும் இடத்தில் ஷட்டர் வைத்த ஆற்றுத் தலைப்புகள், மதகுகள், உபரித் தண்ணீர் வழியும் கலிங்குகள், தடுப்பணைகள் என்று எத்தனையோ இருக்கின்றன. விழும் தண்ணீரை வரையப் பழக இவை தாராளமாகப் போதும். உயரம் குறைவு என்பதால் விழுகிற முகம் முழுவதும் தாளில் அடங்கும். எதிரே உட்காரக் கரையும் இருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். "தண்ணீர் வெள்ளையாக விழுகிறது, எடு வெள்ளைப் பெயின்டை" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வெள்ளை ஏற்கெனவே தாளில் இருக்கிறது. சுற்றியுள்ளதை அடர்த்தியாக்கினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். குவாஷ் என்பது அடியில் உள்ள நிறத்தை மூடிவிடும் தண்ணீர்ப் பெயின்ட்; வாட்டர்கலர் அப்படி மூடாது. குவாஷ் வெள்ளை கடைசி அரை மணி நேர வேலை மட்டுமே. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

1. இடம், நேரம், தண்ணீரின் அளவு

மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. நீர் இருப்பைப் பொறுத்து இது முன்பின் ஆகும். நேரில் பார்த்து வரைய நினைப்பவர்களுக்கு இந்த மாதங்கள்தான் காலம். மற்ற நாட்களில் மதகும் மணலும்தான் இருக்கும்.

ஆறு நிறையத் தண்ணீர் போகும் நாளில் படம் நன்றாக அமையும் என்று நினைக்க வேண்டாம். நம் நிலம் தட்டை. ஷட்டர்களை முழுவதும் தூக்கிவிட்டால் மேல் மட்டமும் கீழ் மட்டமும் கிட்டத்தட்ட ஒன்றாகி, தண்ணீர் விழுவதே தெரியாது. வெறும் சுழிப்புதான் தெரியும். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் போய்ப் பாருங்கள். மதகில் சில கண்கள், அதாவது தூண்களுக்கு இடையே தண்ணீர் போகும் வாய்கள், மூடியிருக்கும், சில அரைகுறையாகத் திறந்திருக்கும். மூடிய கண்களின் இருட்டுக்குப் பக்கத்தில் விழும் தண்ணீர் தானாக எடுப்பாகத் தெரியும். கல்லணை மாதிரி பெரிய இடத்தைவிட, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு போன்ற இடமோ ஊர் ஓரத்து வாய்க்கால் கலிங்கோ முதல் படத்துக்கு நல்லது. கல்லணையில் கண்கள் அதிகம். எண்ணி எண்ணி வரைந்தே அலுத்துவிடுவீர்கள்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆறுகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. தண்ணீர் விழும் முகத்தைப் பார்க்கக் கீழ்ப்பக்கம் உட்கார்ந்தால் நீங்கள் மேற்கு பார்த்து இருப்பீர்கள். காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து நேராக நுரைமேல் விழும். எல்லாம் ஒரே வெள்ளையாக, நிழலே இல்லாமல் தெரியும். மாலை 3:30-க்கு மேல் வெளிச்சம் எதிர்ப்பக்கமிருந்து வரும். சுவர் நிழலுக்குள் போகும், நுரையின் விளிம்பு மட்டும் மின்னும். வரைவதற்கு இதுதான் சுலபம்.

ஒரு எச்சரிக்கை. கீழ்ப்பக்க சிமென்ட் தளத்தில் இறங்கி உட்காராதீர்கள், அது காய்ந்து கிடந்தாலும் சரி. ஷட்டரை எப்போது தூக்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கரைமேல் ஒரு பூவரச மரத்தடியோ புங்க மர நிழலோ போதும். நிழல் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயிலில் வெள்ளைத் தாள் கண்ணைக் கூச வைக்கும். கூசும் கண்ணோடு கலக்கிய நிறம் வீட்டுக்கு வந்து பார்த்தால் வேறாக இருக்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் கனம், கோல்ட் பிரஸ் (சற்று மேடுபள்ளமான பரப்பு), முடிந்தால் முழுப் பருத்தித் தாள். 11×15 அங்குலம், அதாவது முழு இம்பீரியல் தாளில் கால் பங்கு, முதல் படத்துக்குச் சரியான அளவு. மாஸ்கிங் ஃப்ளூயிட் என்பது வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மூடிவைத்துப் பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் திரவம். மலிவான தாளில் அதை உரிக்கும்போது மேல்தோலும் சேர்ந்து வரும். ஈரத் துணியால் நிறத்தை எடுக்கப் போனால் பஞ்சு பிரியும்.

வாட்டர்கலரில் ஆறு நிறம் போதும்: அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் அம்பர், சாப் கிரீன், லெமன் யெல்லோ. கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கறுப்பு வரை போகிற சாம்பல் கிடைக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த சாம்பல், சியன்னாவைக் கூட்டினால் சூடான சாம்பல். இந்தப் படத்தில் பாதி இந்த ஒரு கலவையில்தான் ஓடும்.

குவாஷில் டைட்டானியம் வெள்ளை ஒரு டியூப் கட்டாயம். கடையில் ஏமாறும் இடங்கள் மூன்று. வாட்டர்கலர் பெட்டியில் வரும் சைனீஸ் ஒயிட் ஜிங்க் வெள்ளை. அது அடர் நிறத்தை மூடாது, காய்ந்ததும் மங்கிப் போகும். அக்ரிலிக் குவாஷ் வேறு சரக்கு. காய்ந்தபின் தண்ணீரில் கரையாது, ஓரத்தைப் பிறகு மென்மையாக்க முடியாது. போஸ்டர் கலர் பழகுவதற்குப் பரவாயில்லை, ஆனால் கனமாகப் போட்டால் பொடிந்து உதிரும்.

பிரஷ்: 8 அல்லது 10 எண் உருண்டை பிரஷ், 4 எண் உருண்டை, 1 அங்குலத் தட்டை, மயிர் விரிந்துபோன ஒரு பழைய பிரஷ். அந்தப் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நுரைக்கு அதுதான் ராஜா. அப்புறம் பல் துலக்கும் பிரஷ், மெழுகுவர்த்தித் துண்டு, பருத்தித் துணி, டிஷ்யூ, மாஸ்கிங் டேப், பலகை, தண்ணீருக்கு மூன்று டப்பா. ஒன்று கழுவ, ஒன்று சுத்தமாகத் தொட, மூன்றாவது குவாஷுக்கு மட்டும். குவாஷ் கலங்கிய தண்ணீரில் வாட்டர்கலரைத் தொட்டால் வானமே சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். தண்ணீர் குடிதண்ணீராக இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் நிறம் சீராகப் பரவாது.

3. வரையும் முன் கால் மணி நேரம் பாருங்கள்

பென்சிலை எடுக்காமல் பார்க்க வேண்டும். விழும் தண்ணீர் முழுக்க வெள்ளை என்பது நம் மனதில் இருக்கும் படம். கண்ணால் பார்த்தால் நான்கு பகுதி தெரியும்.

முதலாவது, வளைவு. சுவரின் தலையைத் தாண்டும் இடத்தில் தண்ணீர் உடையாமல் வழவழவென்று வளையும். அங்கே வெள்ளை கிடையாது. மேல்பாதி வானத்தின் நிறம், கீழ்பாதி தண்ணீரின் சொந்த நிறம், அடர்த்தியாக. இந்த ஒரு பட்டையை விட்டுவிட்டு நேராக வெள்ளைக் கோடுகளை இழுப்பதால்தான் பலர் படத்தில் தண்ணீர் சுவரிலிருந்து வழிவதாகத் தெரியாமல், சுவரில் துணி காயப்போட்டது போலத் தெரிகிறது.

இரண்டாவது, விழும் முகம். இது திரை அல்ல, தனித்தனி இழைகள். இடைவெளிகளில் பின்னால் இருக்கும் பாசி பிடித்த சுவர் தெரியும். இழைகள் மேலே நெருக்கமாகவும் கீழே போகப் போகப் பிரிந்தும் இருக்கும். சுவரில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் இழை விலகிப் போகும். அந்த ஒரு விலகலைப் பிடித்துவிட்டால் பத்து இழைகளை வரையத் தேவையில்லை.

மூன்றாவது, அடி நுரை. படத்திலேயே மிக வெள்ளையான இடம் இங்கேதான், அதுவும் நுரையின் மேல் விளிம்பில் மட்டும். நுரைக்கும் நிழல் பக்கம் உண்டு. கீழ்ப்பாதி நீலமும் பழுப்பும் கலந்த சாம்பலில் இருக்கும்.

நான்காவது, விலகி ஓடும் தண்ணீர். நுரை இங்கே வலை போலக் கிழிந்து, ஓட்டத்தின் திசையில் நீண்டு போகும். தூரத்தில் நெருக்கமான மெல்லிய கோடுகளாகவும் நமக்கு அருகே அகன்ற ஓட்டைகளாகவும் தெரியும்.

ஷட்டர் அடியில் பீய்ச்சி வரும் தண்ணீர் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். சரிவுத் தளத்தில் தண்ணீர் வழவழப்பாக, அடர் நிறத்தில் சறுக்கி வரும். ஷட்டரை ஒட்டி வெள்ளை இருக்காது. கொஞ்ச தூரம் தள்ளித் தேங்கிய தண்ணீரில் மோதுகிற இடத்தில்தான் புரண்டு வெளுக்கும். ஷட்டரின் காலடியிலேயே நுரையைப் போட்டுவிடாதீர்கள்.

நிறம்: புதுத்தண்ணீர் வரும்போது கலங்கலாக இருக்கும். யெல்லோ ஓக்கரில் பர்ன்ட் சியன்னா தொட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும். தை மாதத்தை ஒட்டித் தண்ணீர் தெளியும்போது பச்சை கலந்த சாம்பல். நீலத் தண்ணீர் காலண்டரில்தான் உண்டு.

4. உள்ளங்கை அளவில் ஒரு முன்வரைவு

நிறமே இல்லாமல், பென்சிலில், மூன்றே அளவு: வெள்ளை, நடு, அடர்த்தி. வெள்ளை மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் எது முக்கியம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. வானத்தை நடு அளவில் வையுங்கள். வானமும் வெள்ளை, நுரையும் வெள்ளை என்றால் இரண்டும் சண்டை போடும்.

5. பென்சில் வரைவு

தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிப் பலகையில் பதியுங்கள். 2பி பென்சில், மெல்லிய அழுத்தம். முதலில் தண்ணீரின் மேல் மட்டம், கீழ் மட்டம் என இரண்டு கோடுகள். நேர் எதிரே உட்கார்ந்திருந்தால் இரண்டும் படுக்கையாக இருக்க வேண்டும். சாய்ந்தால் மொத்த ஆறும் ஒருபக்கம் கொட்டும். பிறகு தூண்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கிறீர்கள் என்றால், தூரம் போகப் போகக் கண்களின் அகலம் குறைய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் போடுவது சாதாரணமாக நடக்கிற தவறு.

நுரைக்கு எல்லைக் கோடு போடாதீர்கள். நிறம் விழுந்தபின் பென்சில் கோட்டை அழிப்பது கஷ்டம், நுரையைச் சுற்றி வேலி போட்டது மாதிரி நின்றுவிடும்.

6. வெள்ளையைக் காப்பாற்றி வைத்தல்

மூன்று வழி உண்டு. சிறந்தது, சும்மா விட்டுவிட்டுச் சுற்றி வரைவது. பெரிய நுரைப் பகுதிக்கு இதுவே போதும்.

மெல்லிய இழைகளுக்கும் தெறிப்புகளுக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட். தாள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பிரஷை முதலில் சோப்பில் தோய்த்துவிட்டு அதைத் தொடுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் மயிரில் ஏறிப் பிரஷ் வீணாகும். போட்ட படத்தை வெயிலில் வைக்கவோ நாள்கணக்கில் விடவோ கூடாது. நம் சூட்டுக்கு அது தாளோடு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கே உரித்துவிட வேண்டும்.

மூன்றாவது, மெழுகுவர்த்தி. விழும் முகத்தில் மேலிருந்து கீழாக லேசாக ஒரு இழுப்பு. தாளின் மேடுகளில் மட்டும் மெழுகு ஒட்டி, நிறம் போட்டதும் உடைந்த வெள்ளை இழைகள் தானாக வரும். ஆனால் மெழுகைத் திரும்ப எடுக்க முடியாது, அதன் மேல் குவாஷும் பிடிக்காது. அதனால் இரண்டு மூன்று இழுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. வானமும் தூரத்து மர வரிசையும்

பலகையின் தலைப்பக்கத்துக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துச் சற்று சாய்த்துக்கொள்ளுங்கள். வானத்தைச் சுத்தத் தண்ணீரால் நனைத்து, நீர்த்த அல்ட்ராமரினில் கொஞ்சம் சியன்னா கலந்து மேலிருந்து இறக்குங்கள். ஈரம் மினுங்கிக்கொண்டிருக்கும்போதே அடிவானத்தில் யெல்லோ ஓக்கர் தொடுங்கள்.

மினுக்கம் போய், தாள் இன்னும் ஈரமாக இருக்கும் நேரத்தில் தூரத்துத் தென்னைகளை நீலம் கலந்த சாம்பல் பச்சையில் வையுங்கள். ஓரம் கலங்கித் தூரம் கிடைக்கும். இந்த வேளையில் பிரஷில் தண்ணீர் அதிகமாக இருந்தால் காலிஃபிளவர் மாதிரி கறை பூக்கும். பிரஷில் உள்ள ஈரம் தாளில் உள்ள ஈரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆடிக் காற்றில் இந்தக் கட்டம் முடிவதற்குள் வானம் காய்ந்துவிடும். அப்போது பாதி பாதியாகச் செய்யுங்கள், பலகையையும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நேர்மாறு. தாள் காயவே காயாது. விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்து, சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் உண்டு என்று அர்த்தம்.

8. வெள்ளைக்குப் பின்னால் அடர்த்தி

படத்தின் விதி இங்கேதான் தீர்மானமாகிறது. நுரைக்கும் இழைகளுக்கும் பின்னால் உள்ள சுவர், மூடிய ஷட்டர்கள், கரையோரப் புதர் ஆகியவற்றை முடிந்தவரை ஒரே தடவையில் அடர்த்தியாகப் போடுங்கள். வாட்டர்கலர் காய்ந்தால் வெளுக்கும். எனவே ஈரத்தில் "கொஞ்சம் அதிகமோ" என்று தோன்றும் அளவுதான் சரி. பயந்து மெலிதாகப் போட்டு, பிறகு மேலே மேலே பூசுவதால்தான் சேறு வருகிறது.

சுவருக்கு அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும். பாசி இடத்தில் ஈரத்திலேயே சாப் கிரீன் தொட்டுவிடுங்கள். பச்சையை டியூபிலிருந்து அப்படியே போடாதீர்கள், சியன்னா கலந்தால்தான் தென்னைக்கும் வாழைக்கும் பொருந்தும். நடவான வயல் பின்னணியில் இருந்தால் அங்கே மட்டும் லெமன் யெல்லோவைத் தாராளமாகக் கூட்டலாம்.

நுரையைத் தொடும் ஓரத்தில் எல்லாப் பக்கமும் கூர்மையாக வெட்டாதீர்கள். சில இடத்தில் கூர்மை, சில இடத்தில் சுத்த ஈரப் பிரஷால் ஒரு தடவல். கூர்மையான ஓரம் கனமாகத் தெரியும், கரைந்த ஓரம் சாரலாகத் தெரியும்.

தூண்களுக்கு வெளிச்சப் பக்கம் நீர்த்த ஓக்கர், நிழல் பக்கம் சாம்பல், தண்ணீர் மட்டம் நின்ற இடத்தில் ஒரு கறைக்கோடு. ஷட்டர் இரும்பில் துருவுக்குச் சியன்னாவை ஒரு சொட்டு வழிய விட்டால் முடிந்தது.

9. தண்ணீர்

வளைவை முதலில் போடுங்கள். 4 எண் பிரஷில் தண்ணீரின் சொந்த நிறம், கீழ் ஓரம் அடர்த்தி, மேல் ஓரம் கரைய விட வேண்டும். விழும் முகத்தில் பிரஷை விழும் திசையில் மட்டும் ஓட்டுங்கள். மேலிருந்து தொடங்கிக் கீழே வரும்போது கையைத் தூக்கிவிடுங்கள். கீழிருந்து மேலே இழுத்த கோடு எப்படியோ காட்டிக்கொடுத்துவிடும்.

அடி நுரையில் நிழல் மட்டும் வரையுங்கள். நீர்த்த சாம்பலில் சிறு சிறு வளைவுகள், ஒவ்வொன்றின் கீழ்ப்பக்கமும் கரைந்திருக்க வேண்டும். விலகி ஓடும் தண்ணீரில் நுரை வலையின் ஓட்டைகளுக்கு மட்டும் பழுப்பு நிறம் போடுங்கள். ஓட்டைகளை வரைந்தால் வலை தானே மிஞ்சும்.

முழுவதும் காய்ந்தபின் மாஸ்கிங்கை விரலால் உரியுங்கள். உரித்த இடங்கள் கத்தி வெட்டு மாதிரி கூர்மையாக நிற்கும். அதை அப்படியே விட்டால் ஒட்டிவைத்த காகிதம் போலிருக்கும். ஈரப் பிரஷால் பாதி ஓரங்களைத் தடவிக் கரைத்துவிட்டு மெல்லிய சாம்பல் ஒரு தடவை ஓட்டுங்கள்.

10. குவாஷ்

படம் எலும்பு வரை காய்ந்திருக்க வேண்டும். குவாஷில் உள்ள தண்ணீர் அடியில் இருக்கும் வாட்டர்கலரைக் கரைக்கும். வெள்ளை போடப் போய் அழுக்குப் பழுப்பு வருவதற்கு இதுவே காரணம். அதே காரணத்தால் ஒரு இடத்தில் ஒரே தொடுதல்தான். திரும்பத் தேய்த்தால் கீழே உள்ளது கிளம்பி வரும்.

பதம்: கெட்டி மோர். அதைவிட நீர்த்தால் மூடாது, அதைவிடக் கனமானால் காய்ந்ததும் வெடிக்கும். சிறிதளவே பிதுக்குங்கள். வெயில் நேரத்தில் பேலட்டில் சீக்கிரம் இறுகிவிடும். இறுகியதைத் தண்ணீர் விட்டுக் கரைத்தால் பழைய மூடும் திறன் வராது.

வரிசை முக்கியம். முதலில் நடு வெளிச்சம்: வெள்ளையில் நம் சாம்பலைக் கலந்து, நுரையின் நிழல் பக்கத்துக்கு. அடுத்து ஓக்கர் துளி கலந்த வெள்ளை, வெளிச்சம் பட்ட இழைகளுக்கு. சுத்த வெள்ளை கடைசியாக, நுரையின் மேல் விளிம்பில் விரல் விட்டு எண்ணும் அளவு இடங்களில் மட்டும். தாளின் வெள்ளையும் டைட்டானியம் வெள்ளையும் ஒன்றாகத் தெரியாது. குவாஷ் வெள்ளை சற்றுக் குளிர்ந்து, மேலே உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால் எங்கு பார்த்தாலும் அதைத் தெளித்தால் படம் இரண்டு துண்டாகப் பிரிந்து நிற்கும். குவாஷில் இன்னொரு குணம், வெளிர் நிறம் காய்ந்தால் சற்று மங்கும், அடர் நிறம் காய்ந்தால் சற்று வெளுக்கும். ஓரத்தில் ஒரு துண்டுத் தாளில் தொட்டு, காய விட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

விரிந்த பழைய பிரஷில் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, விழும் திசையில் லேசாக உரசுங்கள். தாளின் மேட்டில் மட்டும் ஒட்டி இழைகள் உடைந்து வரும். அடி நுரைக்கு அதே பிரஷை நிமிர்த்திக் குத்துங்கள்.

தெறிப்புக்குப் பல் துலக்கும் பிரஷ். வானத்தையும் தூண்களையும் தாளால் மூடிவிட்டு, நுரையிலிருந்து வெளிப்பக்கமாக விரலால் ஒரு சுண்டு. இது பிடித்துப்போய் நிறுத்தாமல் தெளிப்பவர்கள்தான் அதிகம். காஷ்மீரில் பனி பெய்வது மாதிரி ஆகிவிடும்.

சாரல் வேண்டுமா? வெள்ளையை நிறைய நீர்த்து, நுரைக்கு மேலே உள்ள அடர்த்தியில் ஒரே வீச்சில் தடவி, அதன் மேல் ஓரத்தைச் சுத்த ஈரப் பிரஷால் கரையுங்கள். பிறகு தொடக்கூடாது. குற்றாலம் மாதிரி உயரமான அருவியைப் புகைப்படம் பார்த்து வரைகிறீர்கள் என்றால் இந்தச் சாரல் பகுதி பெரிதாகும், வளைவு சிறிதாகும். மற்றபடி வரிசை இதேதான்.

11. தப்பு நடந்துவிட்டால்

நுரை இடத்தில் அடர் நிறம் விழுந்துவிட்டால், காய்ந்தபின் சுத்தத் தண்ணீரால் நனைத்து, சிறிது நேரம் விட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். அல்ட்ராமரினும் சியன்னாவும் ஓரளவு வந்துவிடும், சாப் கிரீன் பல கம்பெனிகளில் கறையாகப் பிடித்துக்கொள்ளும்.

குவாஷ் அதிகமாகிவிட்டது என்றால் அது தண்ணீரில் கரையும் என்பதே நமக்கு வசதி. ஈரப் பிரஷால் நனைத்து ஒற்றி எடுத்துவிட்டு, காய்ந்தபின் அடர்த்தியை மறுபடி போடலாம். ஆனால் குவாஷ் மிச்சம் இருக்கும் இடத்தில் போடும் வாட்டர்கலர் பால் கலந்தது போல வெளுக்கும். அந்தத் திருத்தத்தையும் குவாஷிலேயே செய்யுங்கள்.

வெள்ளை பத்தவில்லை என்று தோன்றினால் உடனே வெள்ளையைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் பின்னால் உள்ள சுவர்தான் வெளிறியிருக்கும். அதை ஒரு படி அடர்த்தியாக்கிப் பாருங்கள்.

12. பாதுகாப்பது

வார்னிஷ் அடிக்காதீர்கள், குவாஷின் மங்கிய பரப்பு திட்டுத் திட்டாக இருண்டுவிடும். கண்ணாடி போட்டு, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் மவுன்ட் அட்டை வைத்துச் சட்டம் போடுங்கள். ஒட்டி இருந்தால் ஈரக் காற்றில் நிறம் கண்ணாடியில் பிடிக்கும். இந்த நிறங்களில் பிசின் இருப்பதால் மழைக்காலத்தில் பூஞ்சை சுலபமாக வரும். பிளாஸ்டிக் உறையில் ஈரத்தோடு மூடி வைக்க வேண்டாம். சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும் மாட்ட வேண்டாம், உள்சுவரே நல்லது.